மீனுக்கு மருந்து, தொட்டிக்குக் காத்திருப்பு

போன வெள்ளிக்கிழமை இரவு பத்தரை இருக்கும். சிங்கப்பூரில் பாசிர் ரிஸ்ஸில் இருக்கும் தம்பி ஒருவர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினார். அவர் புதிதாக வாங்கிய நீல டாங் என்ற கடல் மீன். உடம்பெங்கும் உப்பைத் தூவிவிட்டது போல வெள்ளைப் புள்ளிகள். அடுத்த படத்தில் மேசை மேல் ஒரு காப்பர் மருந்து பாட்டில். கீழே ஒரே வரி: "அண்ணே, ஊத்திரட்டுமா?"

"ஊத்தாதீங்க தம்பி, கூப்பிடறேன் இருங்க" என்று போட்டுவிட்டு உடனே அழைத்தேன். முக்கால் மணி நேரம் பேசினோம். அவரிடம் சொன்னதை இங்கேயும் எழுதிவிடுகிறேன். நோய்க்குப் பலியான மீன்களைவிட அவசர வைத்தியத்துக்குப் பலியானவற்றைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பவளமும் பாறையும் இறாலும் இருக்கிற பெரிய தொட்டியில் காப்பர் மருந்தை ஊற்றவே கூடாது. மீனை வெளியே எடுத்து, தனியாக வைத்துத்தான் வைத்தியம் பார்க்க வேண்டும். இதில் நான் யாரோடும் சமரசம் செய்துகொள்ள மாட்டேன். அதற்குக் காரணம் என் வீட்டிலேயே நடந்தது.

மூன்று வருடத்துக்கு முன்னால், புக்கிட் பாத்தோக்கில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் மூன்றடித் தொட்டி ஒன்று வைத்திருந்தேன். எனக்கும் ஒரு டாங் மீனில் இதே புள்ளிகள் வந்தன. மீன் வாங்கிய கடையில் கேட்டேன். "பெரிய தொட்டியிலயே ஊத்துங்க, ஒண்ணும் ஆகாது" என்று காப்பர் பாட்டிலைக் கொடுத்தார்கள். நம்பி ஊற்றினேன். அந்தத் தொட்டியில் ஒரு க்ளீனர் இறால் இருந்தது. சிவப்பு முதுகில் வெள்ளைக் கோடு, நீளமான வெள்ளை மீசை. என் மகள் தண்ணீருக்குள் கையை நீட்டினால் வந்து விரல் மேல் ஏறி நின்று நகத்தைச் சுத்தம் செய்யும். மறுநாள் காலை ஆறு மணிக்கு விளக்கைப் போட்டால் பாறை ஓரத்தில் அது சாய்ந்து கிடக்கிறது. தண்ணீர் ஓட்டத்தில் மீசை மட்டும் அசைகிறது. கண்ணாடியில் ஒட்டியிருந்த நத்தைகள் எல்லாம் மணலில் மல்லாந்து விழுந்திருந்தன. ஒன்பதாம் நாள் டாங்கும் போய்விட்டது. "மருந்து குடுத்தா நல்லாதானேப்பா ஆகணும்?" என்று மகள் கேட்டாள். அவளுக்குச் சொல்ல அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. பிறகு தேடிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

காப்பர் என்பது செம்பு. முதுகெலும்பில்லாத உயிர்களுக்கு அது விஷம். இறால், நத்தை, பவளம் எதுவும் தாங்காது. சரி, அவை போனாலும் பரவாயில்லை, மீனாவது பிழைக்கட்டும் என்று ஊற்றினாலும் பலன் கிடையாது. தொட்டியில் இருக்கும் பாறையும் மணலும் சுண்ணாம்பு வகை. ஊற்றிய செம்பை அவை பிடித்துக்கொள்ளும். தண்ணீரில் மருந்தின் அளவு இறங்கிவிடும், கண்ணுக்குத் தெரியாத நோய்க் கிருமி தப்பிவிடும். பிடித்துவைத்த செம்பைப் பாறை பிற்பாடு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடவும் கூடும். அந்தப் பாறையை நம்பி மறுபடி இறால் விட எனக்கு மனம் வரவில்லை. எல்லாவற்றையும் தூக்கிப் போட்டேன்.

வெள்ளைப்புள்ளி நோயில் நம்மை ஏமாற்றுகிற ஒரு விஷயம் உண்டு. இதைக் கிரிப்டோகேரியான் என்ற ஒட்டுண்ணி உண்டாக்குகிறது. அது மீனின் தோலுக்கு அடியில் சில நாள் இருந்து தின்று கொழுக்கும். நாம் பார்க்கும் புள்ளி அதுதான். அப்புறம் தானாகவே உதிர்ந்து, மணலிலோ பாறையிலோ போய் ஓடு கட்டிக்கொள்ளும். அந்த ஓட்டுக்குள் பெருகி, நூற்றுக்கணக்கில் வெளியே நீந்தி வந்து மறுபடியும் மீனைத் தேடும். காப்பர் கொல்வது இந்த நீந்தும் பருவத்தை மட்டும். தோலுக்குள் இருப்பதையும் ஓட்டுக்குள் இருப்பதையும் அது தொடாது.

ஆக, மருந்து போட்ட நாலாம் நாள் புள்ளிகள் மறைந்தால் அது மருந்தின் வேலை என்று நினைக்காதீர்கள். மருந்தே போடாவிட்டாலும் அவை உதிர்ந்திருக்கும். "பூண்டு ஊறவைத்துக் கொடுத்தேன், சரியாகிவிட்டது" என்று பலர் சொல்வதும் இதனால்தான். பூண்டு வாசத்துக்கு மீன் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிடலாம், அது நல்லதுதான். நோய் அதனால் போகாது. இரண்டு வாரம் கழித்துப் பல மடங்காகத் திரும்பி வரும்.

அதனால் தனித்தொட்டியில் மருந்தின் அளவு ஒரு நாளும் இறங்காமல் முப்பது நாள் வைக்க வேண்டும். அளவில்தான் பலர் தவறுகிறார்கள். காப்பர் மருந்தில் இரண்டு ரகம் இருக்கிறது. ஒரு ரகத்துக்கு லிட்டருக்கு 2 முதல் 2.5 மில்லிகிராம் தேவை. இன்னொன்றுக்கு 0.5 மில்லிகிராமே போதும். முதல் ரகத்தின் அளவை இதற்குப் போட்டால் மீன் செத்துவிடும். பாட்டிலில் எந்த ரகம் என்று பார்த்து, அதற்கு ஏற்ற சோதனைக் கருவியால் அளந்து, இரண்டு மூன்று நாளில் மெல்ல ஏற்றுங்கள். மூடியால் அளந்து ஊற்றுவது வைத்தியம் ஆகாது.

தனித்தொட்டி என்றதும் செலவு என்று பயப்படுகிறார்கள். வீட்டுச் சாமான் கடையில் கிடைக்கும் ஐம்பது லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி போதும். மணல் வேண்டாம், பாறை வேண்டாம். ஒளிந்துகொள்ள ரெண்டு பிவிசி குழாய்த் துண்டு, ஏற்கெனவே பெரிய தொட்டியில் போட்டு, நல்ல பாக்டீரியா குடியேறும்படி பழக்கிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று. எல்லாம் சேர்த்து ஒரு நீல டாங்கின் விலைகூட வராது. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவைத் தினமும் அளந்து பாருங்கள். பெட்டியில் மீனைக் கொல்வது பெரும்பாலும் அதுதான்.

நம் ஊர் சூட்டில் பெட்டித் தண்ணீர் முப்பது டிகிரியைத் தொட்டுவிடும். சின்ன மின்விசிறியை நீர்ப்பரப்பின் மேல் திருப்பி வைத்தால் ஒன்றிரண்டு டிகிரி இறங்கும். ஆனால் தண்ணீர் ஆவியாகி உப்பு ஏறும், நல்ல தண்ணீர் ஊற்றிச் சரிக்கட்ட வேண்டும். குழாய்த் தண்ணீரை வாளியில் ஒரு ராத்திரி வைத்து ஊற்றுகிறவர்கள் கவனிக்கவும். இங்கே பொதுப் பயனீட்டுக் கழகத் தண்ணீரில் குளோரமைன் இருக்கிறது. அது குளோரின் போலத் திறந்து வைத்தால் போய்விடாது. அதை நீக்கும் மருந்துகளில் சில, காப்பரோடு சேர்ந்தால் மீனுக்கு ஆபத்து. ஆர்ஓ தண்ணீர் வாங்கிவிடுங்கள்.

இன்னொன்று. வெள்ளையாகத் தெரிவதெல்லாம் இந்த நோய் அல்ல. பொன் தூசி படிந்தது போல மிக நுண்ணிய பொடியாக இருந்து, மீன் வேகமாக மூச்சு வாங்கி, பம்ப் ஓட்டத்தை எதிர்த்தே நின்றால் அது வெல்வெட் என்ற வேறு நோய். அதற்கும் காப்பர்தான், ஆனால் இந்த நோய் ஒன்றிரண்டு நாளில் மீனைக் கொன்றுவிடும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கோமாளி மீன் உடம்பில் சளி போலத் தோல் உரிந்தால் அது புரூக்ளினெல்லா என்ற இன்னொரு நோயாக இருக்கலாம். அதற்குக் காப்பர் உதவாது, ஃபார்மலின் என்ற மருந்து வேண்டும். பார்க்காமல் பாட்டிலைத் திறப்பது இதனால்தான் தப்பு என்கிறேன்.

மீன் பெட்டியில் இருக்கும்போது பெரிய தொட்டியை என்ன செய்வது? ஒன்றும் செய்ய வேண்டாம். பவளமும் இறாலும் அங்கேயே இருக்கட்டும். ஒரு மீன்கூட இல்லாமல் விட்டால் ஒட்டுண்ணி பட்டினியில் சாகும். 76 நாள் என்பது பலரும் கடைப்பிடிக்கும் கணக்கு. வெறும் தொட்டியை இரண்டரை மாதம் பார்த்துக்கொண்டிருப்பது கஷ்டம்தான். நான் அப்படிக் காத்திருந்தபோது எங்கள் வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் மீன் எங்கே என்று கேட்டார்கள். எழுபதாம் நாளில் ஒரு மீனை வாங்கி விட்டுவிடலாமா என்று எனக்கே கை துறுதுறுத்தது. விடவில்லை.

இவ்வளவு பாடு எதற்கு, செத்தால் இன்னொன்று வாங்கினால் போயிற்று என்று ஒருவர் என்னிடம் நேராகவே சொன்னார். எனக்கு மனம் வலித்தது. நன்னீர் மீன்களில் பெரும்பாலானவை பண்ணையில் பிறக்கின்றன. கடல் மீன்களில் கோமாளி மீன் போன்ற சிலவற்றைத் தவிர மற்றவை பெரும்பாலும் பவளப்பாறையில் பிடிபட்டவை. நீல டாங்கைத் தொட்டியிலேயே முட்டையிலிருந்து வளர்த்தெடுப்பதில் புளோரிடா பல்கலைக்கழகத்தார் வெற்றி கண்டதே 2016இல்தான். நம் கூடத்தில் நீந்துவது அநேகமாக ஏதோ ஒரு கடலிலிருந்து வலையில் வந்த உயிர். பையில் அடைபட்டு, விமானத்தில் வந்து, கடைத்தொட்டியில் நெருங்கிக் கிடந்து நம்மிடம் சேர்கிறது. அதனால்தான் புதிதாக வாங்கும் எந்த மீனையும் நான் இப்போது நேராகப் பெரிய தொட்டியில் விடுவதில்லை. முதல் முப்பது நாள் பெட்டியில்தான்.

தம்பியின் டாங்கை அன்று இரவே பெட்டிக்கு மாற்றிவிட்டோம். என்னிடமிருந்த பழகிய ஸ்பாஞ்சை எடுத்துக்கொண்டு டாக்சியில் போனேன். நேற்று காப்பர் அளவு 2.1 வந்துவிட்டது. மீன் பிவிசி குழாயிலிருந்து வெளியே வந்து நோரி என்ற கடற்பாசி இலையைக் கடித்ததாகத் தம்பி வீடியோ அனுப்பினார். புள்ளிகள் இன்னும் ரெண்டு மூன்று இருக்கின்றன.

என்னிடம் கூடுதலாக ஒரு பெட்டியும் ஸ்பாஞ்ச் ஃபில்டரும் சும்மா இருக்கின்றன. யார் வீட்டிலாவது மீனுக்கு முடியவில்லை என்றால் பாட்டிலைத் திறக்கும் முன் ஒரு மெசேஜ் போடுங்கள். புக்கிட் பாத்தோக் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு வந்தால் கொண்டுவந்து தருகிறேன்.