2 டிபி டிஸ்க்கு இருக்கே, அப்புறம் எப்படிங்க ஃபுல்லாச்சு?

மறுபடியும் அதே போன். சேலம் செவ்வாய்ப்பேட்டை கொலுசுக் கடை. "தம்பி, பில்லு போட்டா இடமில்லைங்குது. 2 டிபி டிஸ்க்கு சும்மாதானே கெடக்குது?"

சும்மாதான் கெடக்குதுங்ண்ணா. அதான் பிரச்சினையே.

கடை லினக்ஸ் சர்வர்ல, மிச்ச இடம் காட்டுற டிஎஃப் அடிச்சா, சிஸ்டம் குடியிருக்குற ரூட் 100 ஜிபியும் ஃபுல். ரூட்ல இருக்குற ஃபைலை மட்டும் கூட்டிச் சொல்ற டியு -எக்ஸ் அடிச்சா 30 ஜிபிதான் கணக்கு வருது. மிச்சம் 70 ஜிபி எங்கே, கொலுசோட சேர்த்து உருக்கிட்டாங்களா?

அதுல 10 ஜிபி, போன் வர்றதுக்கு முன்னாடியே எந்தப் புண்ணியவானோ ஆர்எம் அடிச்சு அழிச்ச லாக் ஃபைல். பேரு போச்சு, அதைத் திறந்து வெச்சிருந்த சர்வீஸ் கையை விடல, அதனால இடம் திரும்பல. அழிச்சும் திறந்தே கெடக்குற ஃபைலைக் காட்டுற எல்எஸ்ஓஎஃப் +எல்1 அடிச்சா 'டெலீட்டட்'னு பல்லைக் காட்டிக்கிட்டு நிக்குது. சர்வீஸை ரீஸ்டார்ட் பண்ணதும் இடம் வந்துருச்சு.

மிச்சம் 60? கரண்ட் போன அன்னிக்கு அந்த 2 டிபி பேக்கப் டிஸ்க்கோட அடாப்டரைப் பிடுங்கிட்டு, அந்த பிளக்குல யாரோ செல்லுக்கு சார்ஜ் போட்டிருக்காங்க. சர்வர் எந்திரிச்சுது, டிஸ்க் எந்திரிக்கல. எந்த டிஸ்க்கை எங்கே மாட்டணும்னு சொல்ற எஃப்எஸ்டேப்ல, டிஸ்க் இல்லேன்னாலும் எந்திரின்னு சொல்ற நோஃபெயில் இருக்கு. அதைக் குத்தம் சொல்ல முடியாது, அது இல்லேன்னா 90 செகண்ட் பாத்துட்டு எமர்ஜென்சி மோடுல போய் உக்காந்துக்கும். ஆனா அந்த பேக்கப் ஸ்கிரிப்ட்டு! டிஸ்க்கு இருக்கா இல்லையான்னு பாக்காம, டிஸ்க்கை மாட்டுறதுக்குன்னு ரூட்ல இருக்குற காலி ஃபோல்டர்ல ராத்திரிக்கு 20 ஜிபி வீதம் மூணு ராத்திரி கொட்டியிருக்கு. ஓடுறது ரூட்டுங்கிற அட்மின் யூசர் பேர்ல, அதனால எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டம் அந்த யூசருக்குன்னு ஒதுக்கி வைக்கிற 5 சதவீதத்தையும் வழிச்சு நக்கியாச்சு. காலைல தவறாம 'பேக்கப் வெற்றி'ன்னு மெயில் வேற. என்னத்த வெற்றி!

நாலாம் நாள் டிஸ்க்கை மாட்டி, அதே ஃபோல்டர் மேல மவுண்ட் பண்ணிட்டாங்க. குப்பை மேல பாய் விரிச்ச மாதிரி. டியு எப்படித் தேடினாலும் பாய்தான் தெரியும். மவுண்ட் --பைண்ட் போட்டு அந்த 100 ஜிபி ரூட்டை வேற ஃபோல்டர்ல விரிச்சாத்தான் அடியில கெடக்குறது கண்ணுல படும். அங்கே போய் அழிங்க. பாத்தை ரெண்டு தடவை படிச்சுட்டு அழிங்க, ஒரு ஃபோல்டர் மாறினா போறது நிஜ பேக்கப்.

இவ்வளவுக்கும் ஸ்கிரிப்ட் தலையில 'மவுண்ட்பாயிண்ட் -க்யூ'ன்னு கேட்டு, டிஸ்க்கு மாட்டலைன்னா அங்கேயே நிறுத்துற ஒரே ஒரு வரி போதும். இல்லையா, டிஸ்க்கைக் கழட்டி வெச்சுட்டு அந்தக் காலி ஃபோல்டருக்கு சிஎச்அட்டர் +ஐ போட்டுப் பூட்டுங்க. ரூட் யூசரே வந்தாலும் எழுத முடியாது.

"அப்ப அந்த 2 டிபி எதுக்குத் தம்பி?"

சார்ஜ் போடத்தாங்ண்ணா.

முடிச்சுட்டு தட்டுவடை செட்டு வாங்கினா அதுவும் நமத்துப் போயிருக்கு. பீட்ரூட்டை மலையா அள்ளி வெச்சுட்டு, கார சட்னியைப் பொட்டு வெச்சு அனுப்புறாங்க.