செகண்ட் கியர் நழுவுறதுக்குக் காரணம் பவர் இல்லை

தம்பி, "650 சிசி பைக்ல பவர் தாங்காம கியர் பல்லு தேய்ஞ்சிடும், அதான் செகண்ட் கியர் நழுவுது, மொத்த செட்டையும் மாத்தணும்"னு மேலே எழுதியிருக்கீங்க. இதை நம்பி யாராவது பணத்தைக் கொட்டிடக் கூடாது.

இப்போ வர்ற பைக்ல கியர் பல்லெல்லாம் எப்பவும் ஒண்ணோட ஒண்ணு கவ்விக்கிட்டேதான் சுத்தும். கியர் மாத்தும்போது கோர்க்கிறது கியரோட பக்கவாட்டுல கட்டை கட்டையா துருத்திக்கிட்டு இருக்கிற டாக். அது மழுங்கினாலோ, கியரைப் பக்கவாட்டுல தள்ளுற ஷிஃப்ட் ஃபோர்க் வளைஞ்சாலோதான் கியர் வெளியே குதிக்கும். ஒண்ணுலேருந்து ரெண்டுக்கு நியூட்ரலைத் தாண்டிப் போகணும். அரைகுறையா மிதிச்சா அடி வாங்குறது ரெண்டாவதோட டாக்தான். பவர் கூடுதல்னா அந்தத் தேய்மானம் சீக்கிரம் வெளியே தெரியும், அவ்வளவுதான்.

கும்பகோணத்துல ஒரு பட்டறையில இதே மாதிரி கியர் நழுவுன ஒருத்தரோட பைக் இன்ஜினைப் பிரிச்சப்ப பக்கத்துலயே நின்னேன். பல்லு ஒவ்வொண்ணும் புதுசு மாதிரி. டாக் மூலை மட்டும் கூழாங்கல் மாதிரி உருண்டு பளபளன்னு இருந்துச்சு, ஃபோர்க் நுனி சூட்டுல நீலம் பாஞ்சு கிடந்துச்சு. கியர் லிவர் மேலேயே காலை வச்சு ஓட்டுற பழக்கம் அவருக்கு. டாக் மழுங்கின அந்த ரெண்டு கியரும் ஃபோர்க்கும் மாத்தினதோட சரியாச்சு.

பைக்குக்கு "கார் ஆயிலே போதும்"னு நீங்க சொன்னதும் தப்பு. பெரும்பாலான பைக்ல கிளட்ச்சும் கியரும் ஒரே ஆயில்ல நனையுது. அதனால கிளட்ச் வழுக்காத ஆயில்தான் வேணும்; டப்பாவுல அதுக்கான தரக் குறி ஜாஸோ எம்ஏ (JASO MA) இல்லன்னா எம்ஏ2ன்னு இருக்கணும். ஐப்பசி மழையில வெள்ளத்துல இறக்கியிருந்தா இன்ஜின்ல ஆயில் தெரியுற சின்னக் கண்ணாடியைப் பாருங்க. பால் டீ நிறத்துல இருந்தா தண்ணி கலந்திருக்கு, உடனே மாத்திடுங்க.