“ஒண்ணும் பண்ணாது, சும்மா வாங்க!”

வீட்டு வாசலில் நின்று இந்த வசனத்தை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. எங்களிடம் இருப்பது ராட்வைலர், பலசாலியான காவல் இனத்தைச் சேர்ந்த பெண் நாய். இப்போது அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டேன். ஏன் என்று எழுதத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவளுக்கு அப்போது ஒன்றரை வயது. எலும்பு கடித்துக்கொண்டிருந்தாள். தங்கை மகன் பக்கத்தில் போனதும் உறுமினாள். எனக்கு வந்ததே கோபம். வீட்டுப் பிள்ளையிடமே உறுமுவாயா என்று அதட்டி, எலும்பைப் பிடுங்கி, வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன். இரண்டு மூன்று தடவை இப்படி நடந்தது. அப்புறம் உறுமல் நின்றுபோனது. திருந்திவிட்டாள் என்று பார்ப்பவர்களிடம் எல்லாம் பெருமை அடித்தேன். சில மாதம் கழித்து, அவள் சாப்பிடும் கிண்ணத்தின் பக்கம் அதே பையன் குனிந்தபோது, சத்தமே இல்லாமல் பாய்ந்தாள். சட்டைக் கை கிழிந்ததோடு போயிற்று. நாற்பது கிலோ நாய். அன்றைக்குத் தப்பித்தது எங்கள் நல்ல நேரம்.

அதன் பிறகு ஒரு பயிற்சியாளரிடம் போனோம். முதல் நாளே அவர் திட்டியது என்னைத்தான். உறுமுவதற்கு முன்னாலேயே நாய் நிறையச் சொல்லிவிடுமாம். உடம்பு விறைக்கும், சாப்பிடுவது ஒரு கணம் நிற்கும், உதட்டை நக்கும், தலையைத் திருப்பாமல் வெள்ளை விழி தெரியக் கடைக்கண்ணால் பார்க்கும். அது எதுவும் என் கண்ணில் படவில்லை. மிச்சம் இருந்த ஒரே எச்சரிக்கை மணி அந்த உறுமல். அதையும் நானே கழற்றி வைத்துவிட்டேன். சாப்பாட்டைப் பிடுங்கிவிடுவார்களோ என்ற அவள் பயம் அப்படியே இருந்தது, சத்தம் மட்டும் போய்விட்டது. வால் ஆட்டினால் சந்தோஷம் என்று நினைப்பதும் இதே ரகம்தான். விறைப்பாக மேலே தூக்கி ஆட்டும் வாலை நம்பிக் கையை நீட்டாதீர்கள்.

நாய் ஆபத்தானதா என்பதை இனம்தான் முடிவு செய்கிறதா என்ற சண்டைக்கு வருகிறேன். நாய்ப் பிரியர்கள் அடிக்கடி ஒரு எண்ணைக் காட்டுவார்கள். 2022இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு, 18,000க்கும் அதிகமான நாய்களின் விவரங்களை எடுத்துக்கொண்டது. நாய்க்கு நாய் நடத்தை மாறுவதில் ஏறக்குறைய 9 சதவீதத்துக்குத்தான் இனம் காரணம் என்றது. சரி, நானும் ஏற்கிறேன். ஆனால் அந்த 9 சதவீதம் குணத்தைப் பற்றிய கணக்கு. தாடையின் பலத்தைப் பற்றி அது பேசவே இல்லை. குட்டை நாய் கோபத்தில் கடித்தால் ஒரு கட்டுப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகலாம். என் நாய்க்கு அதே அளவு கோபம் வந்தால் கதையே வேறு. டோபர்மேனை உருவாக்கியவர் ஜெர்மனியில் வரி வசூலித்தவர், காவலுக்காகவே உருவாக்கினார் என்பார்கள். அப்படிப் பிறந்த இனத்தை வாங்கி வந்து, யார் வந்தாலும் கொஞ்ச வேண்டும் என்று எதிர்பார்ப்பது நம் பேராசை.

தடை போட்டால் தீருமா? பிரிட்டன் 1991இல் பிட்புல் உட்பட நான்கு வகைகளைத் தடை செய்தது. முப்பது வருடத்துக்கு மேல் ஆகியும் தீராமல், எக்ஸ்எல் புல்லி என்ற பெரிய உடம்புக்கார நாய் வகையையும் பட்டியலில் சேர்த்தது. நெதர்லாந்தோ, கடிகள் குறையவில்லை என்று 2008இல் தன் தடையைக் கைவிட்டது. எனக்குத் தடையில் நம்பிக்கை இல்லை. ஆனால் எக்ஸ்எல் புல்லியை வைத்துக்கொள்ள இங்கிலாந்தில் போட்ட நிபந்தனைகளைப் பாருங்கள்: கருத்தடை, அடையாளத்துக்குத் தோலுக்கடியில் வைக்கும் மைக்ரோசிப், அடுத்தவருக்கு ஏற்படும் காயத்துக்குக் காப்பீடு, வெளியே போனால் பிடித்துக்கொள்ள லீஷ் கயிறும், கடிக்காமல் இருக்க வாயில் மாட்டும் வாய்க்கூடும். இதில் எது அநியாயம்? பலசாலி நாய் வைத்திருக்கும் யாரும் சட்டம் சொல்லாமலேயே செய்யலாம்.

வாய்க்கூடு என்றதும் “பாவம்” என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வாயை இறுக்கிக் கட்டும் துணிப் பட்டை நிஜமாகவே பாவம்தான், நாயால் மூச்சிரைத்து உடம்புச் சூட்டைத் தணிக்க முடியாது. கூடை மாதிரி இருப்பதை வாங்குங்கள். அதைப் போட்டபடியே தண்ணீர் குடிக்கும், இரைக்கும். உள்ளே தின்பண்டம் வைத்துப் பழக்கினால் தானாகவே மூக்கை நுழைக்கும். எங்களுக்கு இரண்டு வாரம் பிடித்தது.

இன்னொன்று, ஆள் முகமே காட்டாமல் குட்டியைக் கட்டிப்போட்டு வளர்த்தால் நன்றாகக் காவல் காக்கும் என்கிறார்களே, அதைவிட ஆபத்தான யோசனை கிடையாது. மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரைதான் குட்டி உலகத்தைச் சுலபமாக ஏற்றுக்கொள்ளும் காலம். அப்போது குழந்தை, குடை, சைக்கிள் எதையும் பார்க்காத நாய்க்கு வளர்ந்த பிறகு எல்லாமே திருடன்தான். உங்கள் மாமியாரும் சேர்த்து.

விருந்தாளி வந்தால் இப்போது அவள் உள் அறையில் இருப்பாள், தடுப்புக் கதவு போட்டிருக்கும். “அடைச்சு வெச்சிருக்கீங்களே, கடிக்குமா?” என்று கேட்பார்கள். “பல் இருக்குங்க” என்பேன். தங்கை மகன் வளர்ந்துவிட்டான். வந்ததும் வாசலிலேயே நின்று அவன் கேட்கும் முதல் கேள்வி, “மாமா, அவ சாப்பிட்டு முடிச்சாச்சா?”