சித்தப்பா வீட்டு லினக்ஸ்

மன்னார்குடிச் சித்தப்பாவின் டெஸ்க்டாப்பில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்து நாலு மாதம் ஆகிறது. இன்னும் திட்டு விழவில்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்குப் போக டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், புது பிராசஸர் வேண்டும். அவருடையது பழைய நாலாம் தலைமுறை ஐ3. "நல்லாத்தானேடா ஓடுது, இதை ஏன் தூக்கிப் போடணும்?" என்றார். நியாயம்தானே.

யூடியூப் கச்சேரி, பேங்க் வேலை, பேத்தியோடு வீடியோ கால் எல்லாம் முதல் நாளே சரியாகிவிட்டது. சிக்கல் வந்தது மனுக்களில். வாய்க்கால் தூர்வாரச் சொல்லி தாசில்தாருக்கு அவர் எழுதியவை ஒரு ஃபோல்டர் நிறைய, அத்தனையும் பாமினி எழுத்துருவில். லினக்ஸில் வேர்டுக்குப் பதிலாக இருக்கும் லிப்ரே ஆபீஸில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கிறது. மனிதர் முகம் செத்துவிட்டது. இது லினக்ஸ் செய்த பாவம் இல்லை. அந்த எழுத்துரு இல்லாத எந்தக் கம்ப்யூட்டரிலும் இதே கதிதான். எழுத்துருவை ஏற்றியதும் தமிழ் வந்துவிட்டது. அப்புறம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக, எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றினேன். அவர் ஹையர் பாஸ் பண்ணிய டைப்பிஸ்ட். லினக்ஸில் தமிழ் அடிக்க உதவும் ஐபஸ்ஸில் பழைய தட்டச்சு விசைப்பலகையே இருந்ததால் விரல் தடுமாறவில்லை.

பிரிண்டரிடம்தான் தோற்றேன். அந்த மாடலுக்கு டிரைவர் உருப்படியாக இல்லை. இரண்டு நாள் மல்லுக்கட்டியும் பாதிப் பக்கத்துக்கு மேல் வரவில்லை.

இதைக் கேள்விப்பட்டு கடைத்தெரு டிடிபி சென்டர் அண்ணன், "நம்ம கடைக்கும் போட்டுரலாமா தம்பி?" என்றார். வேண்டவே வேண்டாம் என்றேன். கல்யாணப் பத்திரிகை பேஜ்மேக்கரில், கணக்கு டேலியில். இரண்டுக்கும் லினக்ஸ் பதிப்பு கிடையாது. முகூர்த்த சீசனில் அவர் சாபம் எனக்கு எதற்கு?

பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த லேப்டாப்பில் விண்டோஸோடு பாஸ் (BOSS) என்ற லினக்ஸும் இருந்தது. மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் செய்தது. அதை எத்தனை பேர் திறந்து பார்த்தோம்? காட்டிக் கொடுக்க ஆளில்லை. விண்டோஸ் மக்கர் பண்ணினால் தெருவுக்கு ஒரு பையன் இருக்கிறான். சித்தப்பாவுக்கு நான் ஒருத்தன்தான். வீட்டு உபயோகத்துக்கு லினக்ஸ் தாராளமாகப் போதும், ஆனால் கூப்பிட்ட குரலுக்கு அப்படி ஒருத்தன் வேண்டும்.

போன வாரம் புது மனு ஒன்று யூனிகோடிலேயே அடித்திருக்கிறார். பிரிண்ட் எடுக்க மட்டும் பென்டிரைவோடு அதே அண்ணன் கடைக்குப் போனார்.