பழசுதான், அதுக்கென்ன இப்ப?

ஞாயித்துக்கிழமை எங்களை வெச்சு நடந்த கேலி உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்திருப்பீங்க. கருப்புத் திரை, பச்சை எழுத்து, மேல "சேலத்து டைனோசர்கள்"னு ஒரு பட்டம். எழுத்துல மட்டுமே பேசற பழைய இணைய அரட்டை முறையான ஐஆர்சியில இன்னும் உட்கார்ந்திருக்கற எங்களைத்தான். சிரிச்சவங்கள்ல ரொம்ப வேண்டியவங்களும் உண்டு. சிரிங்க, தப்பில்ல. சிரிச்சு முடிச்சதும் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்க: நீங்க தினம் பேசற குழு யாரோடது?

ஐஆர்சிக்கு முதலாளி கிடையாது. 1988-ல பின்லாந்து ஔலு பல்கலைக்கழகத்துல யார்க்கோ ஓய்க்கரினென் எழுதினது. 1993-ல ஆர்எஃப்சி 1459-னு அதோட விதிமுறை பொதுவுல வந்துடுச்சு. அதைப் படிச்சு யாரும் சர்வர் எழுதலாம், யாரும் செயலி எழுதலாம். அதுக்கப்புறம் வந்த புதுசெல்லாம் எங்கங்க? ஆர்குட் 2014-ல மூடியாச்சு. யாஹூ மெசஞ்சர் 2018-ல. நம்ம நாட்டு ஹைக் 2021-ல. ஸ்லாக் இன்னும் இருக்கு, ஆனா இலவசக் கணக்குல 90 நாளுக்கு முந்தின பேச்சு கண்ணுல படாது. எங்கயோ ஒரு மேஜையில முடிவெடுக்கறாங்க, இங்க நம்ம பேச்சு காணாமப் போகுது.

"ஃப்ரீநோடு மட்டும் உடையலையா?"ன்னு ஒருத்தர் கமெண்ட்ல வருவார்னு தெரியும். அது ஐஆர்சியோட பெரிய சர்வர் வலையமைப்பு, உடைஞ்சுது. நிர்வாகத் தகராறுல தன்னார்வலர்கள் கூட்டமா விலகி, 2021 மே 19-ல லிபெரா சாட்னு புது வலையமைப்பைத் திறந்தாங்க. உபுண்டு, விக்கிமீடியா சேனல்களும் (சேனல்னா அரட்டை அறை) அங்க மாறின. நாம செய்ய வேண்டியிருந்தது இவ்வளவுதான்: செயலியில சர்வர் முகவரியை மாத்தணும், போர்ட் 6697 போட்டு டிஎல்எஸ்ங்கற மறையாக்கத்தை டிக் பண்ணணும், பேர்ப் பதிவைப் பாத்துக்கற நிக்சர்வ்கிட்ட பேரை மறுபடி பதிவு பண்ணணும். அதே செயலி, அதே கட்டளை, பழைய லாக், அதாவது பேச்சுப் பதிவு, பத்திரமா நம்ம டிஸ்க்குலயே. வாட்ஸ்அப்புல இருந்து உங்க குழுவை இப்படி ஒரு தடவை வெளிய கொண்டுவந்து காட்டுங்க, நானும் மீம் போடறேன்.

வாட்ஸ்அப்னு சொன்னதும் இதையும் சொல்லிடறேன். சாதாரணக் குழுவுல சேர்ந்த நிமிஷமே உங்க நம்பர் அத்தனை பேருக்கும் தெரியும். உச்ச வரம்பு 1024 பேர். லினக்ஸ்ங்கற இயங்குதளத்துல வைஃபை டிரைவர் வேலை செய்யலைன்னு ஒரு பொண்ணு கேட்டா, குழுவுல பதில் வர்றதுக்கு முன்னாடி தனியா மூணு "ஹாய்" வந்து நிக்கும். அப்புறம் அந்தப் பொண்ணு வாயே திறக்காது. "பொண்ணுங்களுக்கு இதுல ஆர்வமே இல்லைங்க"ன்னு அடுத்த கூட்டத்துல நாமளே பேசுவோம். ஐஆர்சியில ஒரு நிக், அதாவது புனைபேர், போதும். நம்பர் வேண்டாம், முகம் வேண்டாம். பேரைப் பதிவு பண்ண ஒரு மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் போதும்.

குறையே இல்லையான்னா, இருக்கு. நீங்க சிரிச்ச குறை அது இல்ல, அவ்வளவுதான். ஒரு செய்திக்கு 512 பைட், வரி முடிவையும் சேர்த்து. நிக், சேனல் பேரெல்லாம் அதுலயே போகும். யூடிஎஃப்-8ங்கற எழுத்துக் குறியீட்டுல தமிழ்க் குறி ஒவ்வொண்ணும் 3 பைட். "சேலம்"னு மூணே எழுத்து அடிங்க, உள்ள ச, ஏகாரக் கொம்பு, ல, ம, புள்ளின்னு அஞ்சு குறி, 15 பைட். அதனால தமிழ்ல நீளமா அடிச்சா சில செயலி வாக்கியத்தை நடுவுல வெட்டி, கடைசி எழுத்தைக் கேள்விக்குறிக் கட்டமாக்கி அனுப்பும். டெர்மினல்ல ஓடற இர்சிங்கற செயலியில கொம்பும் காலும் இடம் மாறித் தெரியறதும் உண்டு. ஹெக்ஸ்சாட் செயலியில தமிழ் ஒழுங்கா வரும், ஆனா 2024-லயே அதோட கடைசிப் பதிப்பு வந்தாச்சு. இதைக் கேலி பண்ணியிருந்தா கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். நீங்க கேலி பண்ணது திரை நிறத்தை.

"படம் போட முடியாதே"ம்பீங்க. முடியாது. பிழைச் செய்தியைப் படம் பிடிச்சுப் போடற கெட்ட பழக்கத்துக்கு அதுவே மருந்து. எழுத்தை ஒட்டிப் பகிர்ற ஒரு பேஸ்ட் தளத்துல போட்டு இணைப்பைக் கொடுங்க, பதில் சொல்றவர் அதுல இருந்து நகலெடுத்துத் தேடுவார். ஏற்காட்டுல இருபது கொண்டை ஊசி வளைவும் தாண்டி எஸ்டேட் பக்கம் போய் ஒத்தைக் கோடு சிக்னல்ல நின்னு பாருங்க. 200 கேபி காலை வணக்கப் படம் ஒண்ணு இறங்கற டேட்டாவுல 400 முழு ஐஆர்சி செய்தி வந்துடும்.

அந்தச் சிக்னல்ல இணைப்பு அறுந்து அறுந்து "பிங் டைம்அவுட்"னு வெளிய தள்ளும், அந்த நேரத்துல வந்த பேச்சு நமக்குக் கிடைக்காது, அது வாஸ்தவம். அதுக்குத்தான் பவுன்சர். எப்பவும் ஓடற ஒரு மெஷின்ல இசட்என்சிங்கற பவுன்சரைப் போட்டா, நாம இல்லாதப்ப அது சேனல்ல உட்கார்ந்திருக்கும், திரும்பி வந்ததும் விட்ட வரிகளைக் கொடுக்கும். ஆனா அம்மாபேட்டை வீட்டு ஃபைபர்ல ராஸ்பெரி பைங்கற குட்டிக் கணினியில அதைப் போட்டு வெச்சுட்டு ஏற்காட்டுல இருந்து நேரா புடிக்கலாம்னு நினைச்சா பெரும்பாலும் நடக்காது. வீட்டு இணைப்புல தனிப் பொது ஐபி முகவரி கிடைக்கறது அபூர்வம், பல வீட்டுக்கு ஒரே ஐபியைப் பகிர்ந்து கொடுக்கற சிஜிநாட்டுக்குப் பின்னாடி மாட்டிக்கும். மெஷின்களைத் தனி வலையில கோக்கற டெயில்ஸ்கேல் போடணும், இல்லைன்னா சின்னதா ஒரு விபிஎஸ், அதாவது வாடகை சர்வர்.

"இவ்வளவு தலைவலி எதுக்கு, காலத்தோட போங்க"ன்னு பெரிய மனுஷத்தனமா ஒரு அறிவுரை வரும். காலத்தோட போய்தான் ஒரே இன்ஸ்டால் சந்தேகத்துக்கு வாராவாரம் பதில் அடிச்சுட்டிருக்கோம், மேல தேடிப் பாக்க யாருக்கும் பொறுமை இல்ல. மேற்கு வங்கத்து துர்காபூர் லினக்ஸ் குழு 2008-ல ஆரம்பிச்ச கோடைப் பயிற்சியை ஐஆர்சியிலதான் நடத்தினாங்க. சந்தேகம் இருந்தா ஒரு ஆச்சரியக்குறி போட்டுட்டு முறை வர்ற வரைக்கும் காத்திருக்கணும். வகுப்புப் பேச்சு முழுக்க லாக் ஆகும், வராதவங்க அப்புறம் படிச்சுக்கலாம். நம்ம குழுவுல அந்த ஒழுங்கை ஒரு மணி நேரம் கொண்டுவர முடியுமா? ராத்திரி பத்து மணிக்கு டிஸ்க் எப்படிப் பிரிஞ்சிருக்குன்னு சொல்ற உங்க பார்ட்டிஷன் டேபிள் போனப்ப எழுப்பிச் சொல்லிக்கொடுத்தது இதே டைனோசர்தாங்க. அப்ப பச்சை எழுத்து கண்ணை உறுத்தல.

வர்றவங்க வாங்க, லிபெராவை பிரவுசர்லயே திறக்கலாம். "ஒரு சந்தேகம் கேக்கலாமா"ன்னு அனுமதி கேக்காதீங்க, நேரா கேளுங்க. கேட்டுட்டு அஞ்சு நிமிஷத்துல ஜன்னலை மூடாதீங்க, பதில் சொல்றவர் வேற நாட்டுல தூங்கிட்டிருக்கலாம். இணைப்பு அறுந்து திரும்பி வந்தா பேருக்குப் பின்னாடி ஒரு அடிக்கோடு ஒட்டியிருக்கும். பழைய பேரை நிக்சர்வ்கிட்ட சொல்லி மீட்டுக்கங்க, பதில் அந்தப் பேரைக் கூப்பிட்டுத்தான் வரும்.