சார்ஜிங் நிலையம் இல்லாத கிராமத்தில் மின்ஸ்கூட்டர் ஓடுமா?
சார்ஜிங் நிலையம் இல்லாத கிராமங்களில் மின்ஸ்கூட்டர் வாங்கிப் பயனில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார், பலரும் அதை அப்படியே பகிர்கிறார்கள். ஒரு சின்னத் திருத்தம். காருக்கோ நெடுந்தூரப் பயணத்துக்கோ அந்தக் கவலை நியாயம்தான். ஆனால் பெரும்பாலான மின்ஸ்கூட்டர்களை வீட்டில் இருக்கும் சாதாரண பிளக்கிலேயே சார்ஜ் செய்யலாம், எர்த் இணைப்பு மட்டும் ஒழுங்காக இருக்க வேண்டும்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், சார்ஜரைத் திருப்பி அதன் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். 'அவுட்புட்' என்ற இடத்தில் உள்ள வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் வந்துவிடும். 60 வோல்ட், 12 ஆம்பியர் என்றிருந்தால் 720 வாட். 1000 வாட் இஸ்திரிப் பெட்டியை விடக் குறைவு! 3 கிலோவாட் மணி (அதாவது 3 யூனிட்) பேட்டரி நிரம்ப இதில் சுமார் 5 மணி நேரம் ஆகும், ராத்திரி போட்டால் விடிவதற்குள் முடிந்துவிடும். மின்வெட்டு இடையில் வந்தாலும் விட்ட இடத்திலிருந்துதான் தொடரும்.

அப்புறம், சார்ஜ் போடும் முன்னும் பின்னும் மின்மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். பேட்டரி காலியாக இருந்து, வீட்டில் மற்றவை அணைந்திருந்தால் வித்தியாசம் 3 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே காட்டும். அந்தக் கொஞ்சம், சார்ஜர் சூடாகி வீணாவது.