ஏழு சீரும் எதுகையும் மட்டும் குறள் வெண்பா ஆகாது
ஐயா, ‘ஏழு சொல், அடி எதுகை, இவ்வளவுதான் குறள் வெண்பா’ என்று எழுதியிருக்கிறீர்கள். பினாங்கில் எஸ்.பி.எம். (மலேசியப் பள்ளி இறுதித் தேர்வு) தமிழ் இலக்கியம் எழுதும் பிள்ளைகளும் இதைப் படிப்பார்கள், தயவுசெய்து திருத்துங்கள். வெண்பாவின் உயிர் தளை, அதாவது ஒரு சீரின் கடைசி அசையும் அடுத்த சீரின் முதல் அசையும் இணையும் முறை. தனிக்குறிலோ தனிநெடிலோ அமைவது நேரசை; குறில் முதலாக இரண்டு எழுத்து இணைவது நிரையசை; இரண்டிலும் பின்னே ஒற்று வரலாம். மாச்சீரை (நேரில் முடியும் ஈரசைச்சீர்) அடுத்து நிரையும், விளச்சீரை (நிரையில் முடியும் ஈரசைச்சீர்) அடுத்து நேரும், காய்ச்சீரை (நேரில் முடியும் மூவசைச்சீர்) அடுத்து நேரும் வர வேண்டும். முதல் குறளை ‘அகர முதல ஆதி எழுத்தெல்லாம்’ என்று மாற்றிப் பாருங்கள். ஏழு சீரும் இருக்கும், அகர–பகவன் எதுகையும் (இரண்டாம் எழுத்து ‘க’ ஒன்றுவது) இருக்கும். ஆனால் ‘முதல’ என்ற மாச்சீரை அடுத்து ‘ஆதி’ நேரசையில் தொடங்குவதால் ஆசிரியப்பாவுக்குரிய ஆசிரியத்தளை புகுந்துவிடுகிறது; காய்ச்சீரான ‘எழுத்தெல்லாம்’ என்பதை அடுத்து ‘பகவன்’ நிரையில் தொடங்கிக் கலிப்பாவுக்குரிய கலித்தளையும் வந்துவிடுகிறது. வெண்பாவில் வேற்றுத்தளைக்கு இடமே இல்லை. எதுகை அழகு, கட்டாயமன்று: ‘மகன்தந்தைக்கு ஆற்றும்’ எனத் தொடங்கும் 70ஆம் குறளின் இரண்டாம் அடி ‘என்நோற்றான்’ என்றுதானே தொடங்குகிறது? ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் வாய்பாடுகளுள் (அசை அமைப்பின் மாதிரிச் சொற்கள்) ஒன்றாக அமைய வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.